தறிக்குத் திரும்பும் வழி

காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றை ஒட்டிய பகுதி ஓரிக்கை. பட்டுத் தறிகள் ஓடும் வீடுகள் இருக்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை இருக்கிறது. உற்சவ காலங்களில் சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் ஊர் காஞ்சி. இந்த மூன்று தொழில்களிலிருந்தும் ஆளுக்கொருவராக, ஐம்பதுகளில் இருக்கும் மூன்று பேரை நினைத்துக்கொள்வோம். மூவருக்கும் மாரடைப்பு. மூவருக்கும் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஒரே வாரத்தில் வீடு திரும்புகிறார்கள். மருந்துச் சீட்டில் ஏறக்குறைய ஒரே மாத்திரைகள்தான்.

ஆனால் அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்விகள் வேறு வேறு. "தறிக்குழியில எப்ப இறங்கலாம்?" என்பது நெசவாளியின் கேள்வி. "மறுபடியும் பஸ் ஓட்ட விடுவாங்களா?" என்பது ஓட்டுநரின் கேள்வி. "வைகாசி கருட சேவைக்குத் தோள் கொடுக்கலாமா?" என்பது மூன்றாமவரின் கேள்வி. "நன்றாக ஓய்வெடுங்கள், கனமான வேலை வேண்டாம், ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்ற பொதுவான அறிவுரையில் இவற்றுக்குப் பதில் இல்லை. பதில் சொல்வதற்கென்றே மருத்துவத்தில் ஒரு துறை உருவாகியிருக்கிறது. அதன் பெயர் இதய மறுவாழ்வு சிகிச்சை. அது எப்படி வேலை செய்கிறது, அதற்கு யார் யார் வேண்டும், நோயாளிகள் ஏன் அதற்கு வராமல் போகிறார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

நெஞ்சுவலி நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 18ஆம் நூற்றாண்டில் எழுதிய அவர், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒருவருக்கு நோய் ஏறக்குறைய குணமாகிவிட்டதைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பை மருத்துவ உலகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை படுக்கையில் அசையாமல் கிடத்துவதே வழக்கமாக இருந்தது. காயம்பட்ட இதயத் தசை ஆறும்வரை அதற்கு வேலையே கொடுக்கக் கூடாது என்று நம்பினார்கள்.

1952இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 81 நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி, நாள்தோறும் சிறிது நேரம் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அஞ்சியபடி ஆபத்து எதுவும் நேரவில்லை. நோயாளிகள் தெம்பாகவே இருந்தார்கள். ஓய்வே ஒரு நோயாக மாறக்கூடும் என்பது 1966இல் டல்லாஸில் நடந்த ஆய்வில் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் அவர்களிடம் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது.

ஓரிக்கைப் பணிமனையில் வேலை செய்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்றும் உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் வேலை பார்ப்பவர்கள். ஆனாலும் இதயத் தமனி நோய் நடத்துநர்களிடம் குறைவாகவே இருந்தது. வந்தவர்களுக்கும் கடுமை குறைவாக இருந்தது. உடல் அசைவுக்கும் இதய நலனுக்கும் உள்ள தொடர்பைப் பெரிய அளவில் எடுத்துக்காட்டிய முதல் ஆய்வுகளில் இது ஒன்று.

நடக்கும்போது உள்ளே நடப்பது

முறையான பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் உடலுக்குள் பல மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றில் கணிசமானவை இதயத்துக்கு வெளியே நடப்பவை. கால் தசைகளும் கைத் தசைகளும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை முன்பைவிடத் திறமையாக உறிஞ்சப் பழகுகின்றன. அதனால் அதே மாடிப்படியை ஏற இதயம் முன்னளவு துடிக்க வேண்டியதில்லை. ஓய்வு நேரத் துடிப்பும் குறைகிறது.

இன்னொரு மாற்றம் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் நிகழ்கிறது. ரத்தம் வேகமாக ஓடி அந்தச் சுவரை உரசும்போது, அங்குள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இந்தச் சிறு மூலக்கூறின் பணியைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றார்கள். மாரடைப்பு வந்தவரின் குழாய்ச்சுவர் இந்தத் திறனைப் பெருமளவு இழந்திருக்கும். தொடர்ந்த நடைப்பயிற்சி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கிறது. ஸ்டென்ட் ஓரிரு இடங்களில் அடைப்பைத் திறக்கும். பயிற்சியும் மருந்தும் உணவும் குழாய்கள் முழுவதையும் கவனிக்கின்றன.

இதன் பலனை எண்களிலும் காணலாம். 2021இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 23,430 பேர் பங்கேற்ற 85 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி சார்ந்த மறுவாழ்வு சிகிச்சை பெற்றவர்களிடம் இதய நோயால் ஏற்படும் மரணம், மீண்டும் மாரடைப்பு, மீண்டும் மருத்துவமனையில் சேர்வது ஆகிய மூன்றும் குறைந்திருந்தன.

மூன்று கேள்விகளுக்கு எத்தனை பேர் வேண்டும்?

நெசவாளியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் அவர் உட்கார்ந்த நிலையில் வேலை செய்கிறார். கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. கைகள் மணிக்கணக்கில் ஓய்வின்றி இயங்குகின்றன. உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் ஒரே அளவாக இருந்தாலும், கால் வேலையைவிடக் கை வேலை இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அதிகமாக உயர்த்தும். ஆகவே டிரெட்மில்லில் நன்றாக நடந்துவிட்டார் என்பதை மட்டும் வைத்துத் தறிக்கு அனுப்பிவிட முடியாது. கைகளுக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்து, முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று படிப்படியாக உயர்த்த வேண்டும். ஸ்டென்ட்டுக்குப் பதில் பைபாஸ் அறுவை செய்திருந்தால் கணக்கே வேறு. மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேலும் ஆகலாம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் இதய நோயில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்.

பயிற்சியின் அளவை அவர் எப்படி முடிவு செய்கிறார்? வயதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடும் எளிய சூத்திரம் இங்கே உதவாது. பெரும்பாலான இதய நோயாளிகள் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது துடிப்பை அதிகம் ஏற விடாது. அதனால் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் வகுத்த அளவுகோலில் 6 முதல் 20 வரை, "இப்போது எவ்வளவு சிரமமாக இருக்கிறது?" என்று நோயாளியையே கேட்கிறார்கள். மூச்சு வாங்கினாலும் பேச்சு தடைபடாமல் வர வேண்டும் என்பது வீட்டிலும் பின்பற்றக்கூடிய விதி.

ஸ்ரீபாதந்தாங்கியின் கேள்வி இன்னும் கடினமானது. தோளில் பெருஞ்சுமை ஏறும்போது தசைகள் இறுகி நிற்கும். மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் சேரும். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். வைகாசி வெயில், வெறும் வயிறு, வியர்வையில் வற்றும் நீர், நெரிசல் எல்லாம் கூடும். நீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவருக்கு மயக்கமும் வரலாம். இவருக்குப் பதில் சொல்ல, இதயத்தின் சுருங்கு திறனை எக்கோவில் பார்த்த இதய மருத்துவரும், மருந்து நேரத்தை மாற்றியமைக்கத் தெரிந்த செவிலியரும், எடை தூக்கும் பயிற்சியைச் சிறிதாகத் தொடங்கிப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டும் கலந்து பேச வேண்டும். "இந்த ஆண்டு கூட நடந்து வாருங்கள், அடுத்த ஆண்டைப் பிறகு பார்ப்போம்" என்பது முடிவாக இருக்கலாம். காரணத்தை விளக்கிச் சொல்லும்போது அதை அவர் ஏற்றுக்கொள்வார். காரணம் இல்லாமல் தடை மட்டும் போட்டால் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுவார்.

ஓட்டுநருக்கு உடல் தகுதிச் சோதனை வேண்டும். அத்தோடு அவருடைய ஷிப்ட், தூக்கம், வழியில் சாப்பிடும் உணவு, புகை எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் ஹோட்டல் சாம்பாரும் சேர்ந்தால் அது எத்தனை எளிதாகத் தாண்டிப்போகும் என்பதை உணவியல் நிபுணர் அவர் சாப்பிடும் உணவை வைத்தே காட்டுவார்.

மூவருக்கும் பொதுவாக இன்னொருவர் வேண்டும்: மனநல ஆலோசகர். 1993இல் மான்ட்ரியலில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித் குழுவினர், மாரடைப்பிலிருந்து மீண்ட 222 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மருத்துவமனையில் இருந்தபோதே மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் மரணம் பல மடங்கு அதிகம். "இனி நான் எதற்கும் உதவமாட்டேன்" என்று ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வதை வீட்டார் களைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடும். பழகிய கண்ணுக்குத்தான் அது ஓர் ஆபத்துக் குறி என்று தெரியும்.

உலகெங்கும் உள்ள இதய மறுவாழ்வு மையங்களைக் கணக்கெடுத்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு மையத்தில் சராசரியாக ஏறக்குறைய ஆறு பணியாளர்கள் இருந்தார்கள். இத்தனை பேர் வேண்டுமா என்று நிர்வாகங்கள் தயங்குவதுண்டு. பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே விடை கிடைக்கும். அமெரிக்காவில் 167 மையங்களில் 51,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் செய்த பயிற்சியை 1986இல் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 1,12,000 பயிற்சி மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இதயத் துடிப்பு நின்றது. அப்படி நின்ற 21 பேரில் 18 பேர் உயிர் பிழைத்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் அருகிலேயே இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

வராதவர் ஏன் வரவில்லை?

மையமும் ஆட்களும் இருக்கும் நாடுகளிலேயே நோயாளிகளில் பெரும்பகுதியினர் வருவதில்லை. பிரிட்டனில் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வருகிறார்கள். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் உள்ளவர்களில் வந்தவர்கள் சுமார் கால் பங்கு. பெண்களும் ஏழைகளும் வயதானவர்களும் பல நாடுகளிலும் குறைவாகவே வருகிறார்கள்.

நோயாளியின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் அங்கேயே சிந்தனை நின்றுபோகும். ஓரிக்கை நெசவாளிக்குக் கூலி, நெய்து கொடுக்கும் சேலையின் கணக்கில் வருகிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இன்னொரு கை வேண்டும். அவர் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால், கூட உட்காருபவரின் வேலையும் நிற்கும். வாரத்தில் மூன்று காலைகள் பயிற்சிக்கு வா என்பது அந்த வீட்டின் இரண்டு வருமானங்களைத் தொடும் கோரிக்கை. அதே வீட்டுப் பெண்ணுக்கு மாரடைப்பு வந்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். சமையல், தண்ணீர், பேரப்பிள்ளைகள் எல்லாம் முடிந்த பிறகே தன் இதயத்துக்கு நேரம் ஒதுக்க முடிகிறது. வலி இல்லை, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, இனி எதற்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

இதை மாற்ற முடியும் என்பதற்குக் கனடாவில் சான்று இருக்கிறது. ஷெரி கிரேஸ் தலைமையில் ஒன்டாரியோவின் 11 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. மருத்துவர் நினைவு வரும்போது பரிந்துரைக்கும் வழக்கமான முறையில், மறுவாழ்வு சிகிச்சையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். எல்லா இதய நோயாளிகளுக்கும் பரிந்துரை தானாகவே போகும் ஏற்பாட்டைச் செய்து, கூடவே ஒரு பணியாளர் படுக்கையருகே போய் நோயாளியிடம் நேரில் பேசியபோது, அது 70 சதவீதத்தைத் தாண்டியது. நோயாளிகளின் மனநிலை ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. நேரில் வந்து அழைக்க ஓர் ஆள் இருந்தார். பணியாளர் எண்ணிக்கையும் நோயாளியின் பங்கேற்பும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பேசப்படுகின்றன. உண்மையில் முதலாவது இரண்டாவதைத் தீர்மானிக்கிறது.

இந்தியாவின் பதின்மூன்று அமர்வுகள்

நம் நாட்டின் பற்றாக்குறை மிகப் பெரியது. இதய மறுவாழ்வு சிகிச்சைக்கான இடம் 360 நோயாளிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இந்தியாவில் இருக்கிறது என்று மேலே பார்த்த உலகக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதி மதிப்பிட்டது. டிரெட்மில், இசிஜி கண்காணிப்புக் கருவி, முழுநேரக் குழு என்ற மேல்நாட்டு மாதிரியை அப்படியே எல்லா ஊர்களிலும் நிறுவ நீண்ட காலம் பிடிக்கும். வேறு வழி உண்டா என்று தேடியவர்கள் துரைராஜ் பிரபாகரனும் சஞ்சய் கின்ராவும் அவர்களுடைய குழுவினரும்.

2014 முதல் 2018 வரை 24 இந்திய மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரை அவர்கள் சேர்த்தார்கள். யோகா-கேர் என்பது அந்தப் பரிசோதனையின் பெயர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற யோகா ஆசிரியர் மூன்று மாத காலத்தில் 13 அமர்வுகள் நடத்தினார். ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், வாழ்க்கை முறை பற்றிய உரையாடல் எல்லாம் அதில் இருந்தன. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் கூடுதல் அறிவுரை. முடிவுகள் 2020இல் முழுமையாக வெளியாயின. மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், அவசரமாக மருத்துவமனையில் சேர்வது ஆகிய பெரிய பாதிப்புகள் யோகா பிரிவில் 6.7 சதவீதத்தினருக்கும் மற்றப் பிரிவில் 7.4 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. இது தற்செயலாகவும் ஏற்படக்கூடிய அளவு வித்தியாசம். எதிர்பார்த்ததைவிடக் குறைவான பாதிப்புகளே நிகழ்ந்ததால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் தங்கள் உடல்நலம் பற்றிய நோயாளிகளின் மதிப்பீடும், மாரடைப்புக்கு முன் செய்துவந்த வேலைகளுக்குத் திரும்புவதும் யோகா பிரிவில் தெளிவாகவே மேம்பட்டிருந்தன.

இன்னொரு கணக்கும் கவனத்துக்குரியது. 13 அமர்வுகளில் குறைந்தது பத்துக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தபோது, பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. இதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். தொடர்ந்து வந்தவர்கள் ஆரம்பத்திலேயே உடல் வலுவும் குடும்ப ஆதரவும் அதிகம் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். அப்படியானாலும், ஒரு சிகிச்சையின் பலனைப் பெறவும் அளக்கவும் நோயாளி அதில் கலந்துகொண்டே ஆக வேண்டும் என்பதை இந்த எண்கள் வலியுறுத்துகின்றன.

மருத்துவர் அல்லாத பணியாளர்களை வைத்து இந்தியாவில் நடந்த மற்றொரு பரிசோதனை 2016இல் வெளியான ஸ்ப்ரெட். 14 மருத்துவமனைகளில் 806 நோயாளிகள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து சந்தித்து மருந்து, புகை, உணவு, நடை பற்றிப் பேசினார்கள். ஓராண்டு முடிவில் மருந்தை ஒழுங்காக எடுத்துவந்தவர்கள் அவர்கள் சந்தித்த பிரிவில் 97 சதவீதம், மற்றப் பிரிவில் 92 சதவீதம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தக் கட்டியைத் தடுக்கும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளக்கூடும். அதனால் இந்த ஐந்து சதவீத வித்தியாசம் சிறியதன்று.

காஞ்சிபுரத்தில் செய்யக்கூடியது

மாரடைப்பு வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதில் தமிழ்நாடு பெருமைப்படும் அளவு முன்னேறியிருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசாரி உள்ளிட்ட இதய மருத்துவர்கள், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி (தீவிர மாரடைப்பு வகை) திட்டத்தில் 2,420 நோயாளிகள் ஆராயப்பட்டார்கள். ஓராண்டுக்குள் நேரும் மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம், முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்தது. போகும் வழி செப்பனிடப்பட்டுவிட்டது. அங்கிருந்து வேலைக்கும் வாழ்க்கைக்கும் திரும்பும் வழியிலும் இதே அக்கறை வேண்டும்.

அதற்கான கட்டமைப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். செவிலியர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் அதில் இருக்கிறார்கள். இவர்களுக்கு இதய மறுவாழ்வில் சில வாரப் பயிற்சி கொடுத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு செவிலியரையும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் நியமிக்கலாம். பல மருத்துவமனைகளில் பக்கவாதம், எலும்பு முறிவு, முதுகுவலி என எல்லாவற்றையும் ஒரே பிசியோதெரபிஸ்ட் பார்க்கிறார். இதய நோயாளிக்கு அவரிடம் நேரம் மிஞ்சாது. பிசியோதெரபி, உணவியல் போன்ற துறைகளை ஒழுங்குபடுத்தும் தேசியச் சட்டம் 2021இல் நிறைவேறியிருக்கிறது. இந்தத் தொழில்களுக்குச் சட்டம் கொடுத்த மதிப்பை மருத்துவமனையின் பணியிடப் பட்டியலும் கொடுக்க வேண்டும்.

தொடக்கச் சோதனையையும் முதல் சில அமர்வுகளையும் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம். ஆபத்துக் குறைந்தவர்களுக்கு மற்ற அமர்வுகள் ஊருக்குள் வரட்டும்: தறி வேலை தொடங்கும் முன்பான காலை நேரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், ஷிப்ட் மாறும் வேளையில் பணிமனையில், பெண்களுக்கு மதியத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில். கோயில் பிரகாரத்தைச் சுற்றும் பழக்கம் உள்ளவருக்கு எத்தனை சுற்று, எந்த வேகம், எந்த அறிகுறி வந்தால் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதுவே பயிற்சித் திட்டம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவை நின்றுவிட வேண்டிய அறிகுறிகள் என்பது நோயாளியோடு அவர் மனைவிக்கும் மக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கணக்கு. மருத்துவமனைகள் எத்தனை ஆஞ்சியோ, எத்தனை ஸ்டென்ட் என்று பதிவு வைத்திருக்கின்றன. அதோடு நான்கு எண்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: மாரடைப்புக்குப் பிறகு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர், அவர்களில் மறுவாழ்வு சிகிச்சைக்கு அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், முதல் அமர்வுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், கடைசி அமர்வுவரை வந்தவர்கள் எத்தனை பேர். இதை ஆண், பெண் என்றும் பிரித்து எழுத வேண்டும். முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அழைக்க ஆள் இல்லை என்று பொருள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே இருந்தால் நேரமோ இடமோ நோயாளியின் பிழைப்புக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். எங்கே ஆள் போட வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த நான்கு எண்களே நிர்வாகத்துக்குக் காட்டும். அவற்றைக் கேட்கும் உரிமை ஓரிக்கையில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.